கோலார் தங்கவயலில் ஆங்கிலச் சுரங்கச் சொற்கள்: சார்பால் பொருள் தெளிதல்

முன்னுரை

ஒரு மொழியை நூல்வழிக் கற்போர், அறியாத சொல்லை எதிர்கொள்ளும்போது அகராதியை நாடுவர். அகராதியும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் அச்சொல்லின் பொருளும், தொடரில் அது ஆற்றும் இலக்கணப் பணியும் எவ்வாறு தெளியப்படுகின்றன என்பது மொழியாய்வில் தனித்து எண்ணத்தக்க வினா. இதற்கு விடை காண ஏற்ற களங்களுள் ஒன்று கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் ஆகும். அங்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் பாறை குடைந்த தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர். வேலையின் கருவிகளும் இடங்களும் ஆங்கிலப் பெயர் பூண்டிருந்தன. அப்பெயர்களும் பள்ளியில் பயிலும் ஆங்கிலத்தைச் சேர்ந்தவை அல்ல; சுரங்கத் தொழிலுக்கே உரிய வேறோர் ஆங்கிலத்தைச் சேர்ந்தவை.

பல பொருள் தரும் ஒரு சொல்லுக்கு இன்ன இடத்தில் இன்னதே பொருள் என்று தெளிய மூன்று வழிகளைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்துள்ளார். அச்சொல் கொண்டு முடியும் வினை ஒன்று. அதனோடு சேர்ந்து வரும் இனம் மற்றொன்று. சொல்வோன் நிற்கும் சார்பு மூன்றாவது. மா என்னும் சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால் அது குதிரையே எனச் சார்பால் விளங்கும் என்று உரைகாரர் காட்டுவர். பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி உணர்த்தும் முறையையும் தொல்காப்பியர் உரியியலில் கூறுகிறார். தங்கவயலின் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை இந்நெறியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலின் மொழிச்சூழல்

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அலுவலர், மாரிக்குப்பம், ஊரிகம் ஆகிய ஊர்ப் பகுதிகளில் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதினார். 1870களில் மைக்கேல் லவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் குழுமத்தின் மேலாண்மை தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் ஆகிய சுரங்கங்கள் வளர்ந்தன. 1902இல் சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் தங்கவயலை அடைந்தது. 1956இல் மைசூர் அரசும் 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

மேற்பார்வையாளர் பலர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வால் பகுதியினர். அங்கு வெள்ளீயமும் செம்பும் பல நூற்றாண்டுகளாகத் தோண்டப்பட்டன. அத்தொழிலில் விளைந்த தனிச்சொற்கள் அவர்களோடு கோலாருக்கு வந்தன. தொழிலாளர் வட ஆர்க்காடு, சேலம் முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்தும் தெலுங்குப் பகுதிகளிலிருந்தும் வந்தனர். அவருள் மிகப் பலர் கல்வி மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர். நிலமோ கன்னட நாட்டினது. ஆகவே தங்கவயலில் ஆங்கிலம் வந்து சேர்ந்தது ஒற்றை மொழிச் சமூகத்திற்கு அன்று.

கல்வி மறுக்கப்பட்டோர் சொல்லாய்வில் நாட்டம் அற்றோர் என்று கொள்ளுதல் பிழை. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழுக்குத் தங்கவயலில் வலுவான வாசகர் வட்டம் இருந்தது. மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. அயோத்திதாசரின் எழுத்துகளில் ஒரு சொல்லின் வேரையும் மரபையும் ஆராய்ந்து பொருள் கொள்ளும் முறை ஓங்கி நிற்கிறது. அவர் மறைவுக்குப் பின் நின்றுபோன தமிழன், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 1926இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சொல்லின் பொருளை வினவும் பழக்கம் அம்மண்ணில் வேரூன்றியிருந்ததற்கு இது சான்று.

கேப்டன், சாம்பியன், ரீஃப்

தங்கவயல் வரலாற்றில் பிளம்மர் என்பவர் கேப்டன் என்னும் அடைமொழியோடு குறிக்கப்படுகிறார். மைசூர்க் கம்பெனியின் முதல் கரைந்துகொண்டிருந்த 1883ஆம் ஆண்டளவில், பழங்காலத்தார் தோண்டி விட்ட குழிகளை ஆராய்ந்து வளமான தாதுப்படலத்தைக் கண்டறிந்தவர் அவர். கேப்டன் என்றதும் படைத்தலைவரோ கப்பல் தலைவரோ நினைவுக்கு வருதல் இயல்பு. கார்ன்வால் வழக்கில் சுரங்கத்தின் வேலைத்தலைவருக்கு அப்பெயர் உரியது. படையில் பணிபுரிந்த லவெல் சுரங்கக் கேப்டன் அல்லர்; சுரங்கக் கேப்டனாகிய பிளம்மருக்கோ அப்பட்டம் படையால் வந்ததன்று. வேலையைப் பகிர்ந்து தருவோரும் பாறையைப் பார்த்து வழி சொல்வோரும் அப்பெயரால் அழைக்கப்படுவதைக் காணும் தொழிலாளிக்கு இதில் ஐயம் எழாது. பெயரின் பொருளை அவருடைய வினை காட்டிவிடுகிறது.

சாம்பியன் ரீஃப் என்னும் பெயர் இன்னும் நுட்பமானது. சாம்பியன் என்பதற்குப் போட்டியில் வென்றோர் என்பது பொதுவான பொருள், அது பெயர்ச்சொல். கார்ன்வால் சுரங்க வழக்கிலோ அது மற்றொரு பெயருக்கு முன் அடையாக நின்று, பல கிளைகளுள் தலைமையானது, மிக வளமானது என்னும் பொருள் தரும். ஆகவே சாம்பியன் படலம் என்பது தலைமைப் படலமே. தமிழ் இலக்கணத்தார் இதனைப் பண்புத்தொகையின்பாற் படுத்துவர். சொல்லின் இடம் மாறியதால் அதன் இலக்கணப் பணியும், பணி மாறியதால் பொருளும் மாறின.

ரீஃப் என்னும் சொல் கடலிலிருந்து நிலத்திற்கு வந்தது. அலைக்கு அடியில் நீண்டு கிடக்கும் பாறைத்தொடரை அது முதலில் குறித்தது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில், நிலத்தின் மேல் நீண்டு தலைகாட்டிய குவார்ட்சுக் கல்லுக்கு அப்பெயர் வழங்கியது. கார்ன்வாலார் அதையே லோடு என்றனர். வழி, போக்கு என்பது அச்சொல்லின் பழம்பொருள். கோலாரில் இரு வழக்கும் அருகருகே நின்றன. ஒரே பொருளுக்கு இரு நாட்டுச் சுரங்கத்தார் தந்த இரு பெயர்கள் இவை என்பதை அகராதியில் தனித்தனியே தேடுவோர் எளிதில் உணரார். இரண்டும் ஒரே கல்லைச் சுட்டக் கேட்போர் உடனே உணர்வர்.

வினையா, பெயரா?

சுரங்க ஆங்கிலத்தில் தொடக்கநிலைக் கற்போரை மயக்குவது, பொது வழக்கில் வினையாக வரும் சொற்கள் பெயராக நிற்பதே. டிரைவ் என்பது ஓட்டுதல், செலுத்துதல் என வினையாகப் பயிலப்படுவது. சுரங்கத்தில் அது தாதுப்படலத்தின் போக்கிலேயே கிடையாகக் குடையப்பட்ட வழியின் பெயர். அவ்வழியை அல்லது படலத்தைக் குறுக்காக வெட்டிச் செல்வது கிராஸ்கட். ரெய்ஸ் என்பது உயர்த்துதல். சுரங்கத்தில் கீழ்த்தளத்திலிருந்து மேல்நோக்கிக் குடையும் துளை. மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்தால் அதுவே வின்ஸ் எனப்படும். குடைந்து முடிந்தபின் இரு தளங்களையும் இணைக்கும் வழி ஒன்றே. எத்திசையில் வேலை நடந்தது என்பதே பெயரை வேறுபடுத்துகிறது. ஸ்டோப் என்பது தாது வெட்டி எடுக்கப்படும் அறை. படி என்னும் பொருளுடைய சொல்லோடு அது உறவுடையது. படிப்படியாக வெட்டிச் செல்லும் வேலைமுறையே அப்பெயருக்குக் காரணம். ஸ்கிப் என்பது பொது வழக்கில் தாவுதலைக் குறிக்கும் வினை. சுரங்கத்திலோ தாதுக்கல்லை மேலேற்றும் இரும்புத் தொட்டி அது. கூடையைக் குறித்த பழஞ்சொல் ஒன்றின் திரிபாகிய இதற்கும் தாவுதலுக்கும் உறவில்லை. ஒலி ஒன்றாயினும் சொல் வேறு.

ஆங்கிலத்தில் ஒரு சொல் பெயரா வினையா என்பதைப் பெரும்பாலும் தொடரில் அது நிற்கும் இடமே காட்டும். தமிழில் உருபும் இடைநிலையும் விகுதியும் காட்டும். இவ்வேறுபாடு தமிழருக்குப் பெருந்தடையாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் தமிழ் இலக்கணத்திலேயே இதற்கு ஒரு பாலம் உண்டு. வெட்டு, குத்து, இடி, அடி என்பன ஏவல் வினையாகவும் வரும்; விகுதி இன்றியே செயலின் பெயராகவும் வரும். பின்னதனை முதனிலைத் தொழிற்பெயர் என்பர். செயலின் பெயர் அச்செயலால் விளைந்த பொருளுக்கு ஆகிவரின் தொழிலாகுபெயர் என்பர். வற்றல் தின்றான் என்னுமிடத்து வற்றல் என்பது வற்றுதலாகிய தொழிலை விட்டு, வற்றிய பொருளைக் குறிப்பதே இதற்கு உரைகார் காட்டும் எடுத்துக்காட்டு. டிரைவ் என்பது குடையும் செயலைக் குறித்துப் பின் குடையப்பட்ட வழியைக் குறிப்பதும் இத்தகையதே. கிராஸ்கட் என்பதைக் குறுக்குவெட்டு எனத் தமிழாக்கினால், செயலும் அதன் விளைவும் ஒரே வடிவில் நிற்பது தமிழிலும் இயல்பே என்பது விளங்கும்.

இத்தகைய சொற்களைத் தமிழ் ஏற்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. ஆங்கிலச் சொல் அம்மொழியில் எவ்வகையினதாயினும் தமிழில் பெயர்போலவே நுழைகிறது. காலம் காட்டும் இடைநிலைகள் அதன்மேல் நேரே ஏறுவதில்லை. பண்ணு, செய், போடு, அடி, ஆகு முதலிய தமிழ் வினைகள் அருகில் நின்று காலத்தையும் இடத்தையும் பாலையும் ஏற்கின்றன. டிரில் போட்டான், ஷிப்ட் மாறினான் என்னும் வகை வழக்குகளில் வினையின் பொறுப்பு முழுவதும் தமிழ்ச் சொல்லிடமே உள்ளது. வேற்றுமை உருபுகளோ தடையின்றி ஏறுகின்றன. ஷாஃப்டில், லெவலுக்கு, ஸ்கிப்பை என்பன காண்க. ஆகவே அயற்சொல்லின் இலக்கணப் பணியைத் தமிழர் ஆங்கில இலக்கணத்தால் தீர்மானிக்கவில்லை. தம் மொழியின் இலக்கணத்தாலேயே தீர்மானித்தனர் எனலாம்.

உடல் அறியும் பொருள்

கோலாரின் தாதுப்படலம் நேர்குத்தாக நிற்பதன்று. மேற்கு நோக்கிச் சாய்ந்து இறங்குவது. சாய்ந்த படலத்தை வெட்டி நிற்பவருக்கு ஒருபுறப் பாறை தலைக்கு மேல் கவிந்திருக்கும். மறுபுறப் பாறை காலுக்குக் கீழ் கிடக்கும். முன்னதை ஹேங்கிங் வால் என்றும் பின்னதை ஃபுட் வால் என்றும் சுரங்க ஆங்கிலம் வழங்கும். ஹேங்கிங் என்பது வினையடியாகப் பிறந்து அடையாக நிற்பது. இதனைத் தமிழில் தொங்குசுவர் என வினைத்தொகையாக்கினால் இலக்கணம் பொருந்திவிடும். ஆயினும் பொருள் இலக்கணத்தால் மட்டும் தெளிவதன்று. விளக்கை மாட்டும் புறம் எது, கால் ஊன்றும் புறம் எது என்று அறிந்தவருக்கே அது முழுமையாகத் தெளியும். மேலே கவிந்த பாறை விழக்கூடியது, கீழ்ப்பாறை தாங்குவது. இவ்வேறுபாட்டை அறிதல் சொல்லறிவு மட்டும் அன்று, உயிர்க்காப்பும் ஆகும். சார்பு எனத் தொல்காப்பியர் கூறியது இங்கு உடல் நிற்கும் நிலையாகவே அமைகிறது.

ஏர் பிளாஸ்டும் ராக் பர்ஸ்டும்

சொல்லின் பொருள் உயிரோடு தொடர்புடையதாக இருந்ததற்குப் பாறை வெடிப்பு சிறந்த எடுத்துக்காட்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அத்துணை ஆழத்தில் மேலுள்ள பாறையின் அழுத்தம் மிகப் பெரிது. தாது வெட்டப்பட்ட வெற்றிடத்தைச் சுற்றி அவ்வழுத்தம் குவிகிறது. கடினமான பாறை வளைந்து கொடாது. தாங்கும் எல்லை கடந்ததும் திடீரென உடைந்து சிதறுகிறது. நிலத்தின் மேலுள்ள வீடுகளும் அதனால் அதிர்வதுண்டு.

இந்நிகழ்வுக்குத் தொடக்கத்தில் வழங்கிய பெயர் ஏர் பிளாஸ்ட். மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் 1904இல் இதுபற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலும் இச்சொல்லே இடம்பெற்றது. ஏர் என்பது காற்று. பிளாஸ்ட் என்பது பெருவீச்சு. இச்சொல் வழி நோக்கினால் காற்றே காரணம் என்று கொள்ள நேரும். பாறை உடைந்து வெற்றிடத்தில் விழும்போது அங்கிருந்த காற்று தள்ளப்பட்டுப் பெருவேகத்தில் வருவது உண்மையே. ஆயின் அது விளைவு, காரணம் அன்று. பின்னர் நிலைபெற்ற ராக் பர்ஸ்ட் என்னும் பெயர் காரணத்தைப் பாறைமேல் வைத்தது. ஆங்கிலம் அறிந்தோரும் தம் சொல்லைத் திருத்திக்கொண்டே இந்நிகழ்வைப் புரிந்துகொண்டனர் என்பது இதனால் பெறப்படும்.

பிளாஸ்ட் என்னும் சொல்லே தொழிலாளர் துளையிட்டு மருந்து நிரப்பி வைக்கும் வெடிக்கும் உரியது. மனிதர் வைத்த வெடியும் பாறை தானே வெடித்ததும் ஒரே சொல்லில் அடங்குமாயின், ஒரு விபத்து வேலையாளின் கவனக்குறைவால் நேர்ந்ததா, ஆழத்தின் அழுத்தத்தால் நேர்ந்ததா என்னும் வேறுபாடு மறைய இடமுண்டு. பர்ஸ்ட் என்னும் சொல்லின் வடிவமும் மயக்கத்திற்கு உரியது. நிகழ்காலத்திற்கும் இறந்தகாலத்திற்கும் பெயருக்கும் அது ஒரே வடிவம் கொள்ளும். ராக் பர்ஸ்ட் என்னும் இரு சொற்களைப் பாறை வெடித்தது என்னும் வாக்கியமாகவும் கொள்ளலாம். பாறை வெடிப்பு என்னும் பெயராகவும் கொள்ளலாம். தமிழில் இம்மயக்கத்தை விகுதி நீக்கிவிடும். வெடி வைத்தான் என்பதில் செய்தவர் உண்டு. பாறை வெடித்தது என்பதில் பாறையே வினைமுதல். பிளாஸ்ட் என்னும் ஒரு சொல் மறைத்த பொறுப்பைத் தமிழ் வினையின் எழுவாய் வெளிப்படுத்திவிடுகிறது.

பதிவும் அதன் சார்பும்

சார்பால் பொருள் கொள்ளும் முறைக்கு 1930ஆம் ஆண்டு நிகழ்வு மற்றொரு சான்று. தொழிலாளரின் விரல் பதிவை எடுத்துப் பதிவு செய்யும் முறையைச் சுரங்க நிருவாகம் புகுத்தியபோது, தங்கவயல் முழுதும் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ரிஜிஸ்டர் என்பது பெயராக நின்றால் ஏடு. வினையாக நின்றால் அவ்வேட்டில் சேர்த்தல். இரு பொருளிலும் அது தீங்கற்ற சொல்லாகவே தோன்றும். ஆனால் விரல் பதிவோடு சேர்ந்த பதிவு அக்காலத்தில் எங்கு வழங்கியது என்பது நோக்கத்தக்கது. 1897இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட விரல்ரேகை அலுவலகம் குற்றவாளிகளை அடையாளம் காணத் தோன்றியது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், அப்பட்டியலில் சேர்க்கப்பட்ட குலத்தாரைப் பதிவு செய்யவும் அவர்தம் விரல் பதிவை எடுக்கவும் இடமளித்தது.

இச்சார்பில் வைத்து நோக்கினால், தொழிலாளர் எதிர்ப்பைச் சொல் அறியாமையின் விளைவு என்று தள்ளுதல் பொருந்தாது. அவர்கள் சொல்லின் அகராதிப் பொருளை அறிந்தோ அறியாமலோ இருந்திருக்கலாம். அதனோடு சேர்ந்து வந்த இனத்தையும், அதனால் செய்யப்படும் வினையையும், சொல்வோர் நின்ற நிலையையும் அறிந்திருந்தனர். தொல்காப்பியர் கூறிய மூன்று வழிகளும் அவர்களை ஒரே பொருளுக்கே இட்டுச்சென்றன எனக் கருத இடமுண்டு.

சார்பு நீங்கிய சொற்கள்

சொல் தன் சார்பை இழந்தால் புதுப்பொருள் ஏற்கும் என்பதை இவ்வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களே காட்டுகின்றன. மைசூர் ஆணையராக இருந்த லெவின் பௌரிங் பெயரால் பௌரிங்பேட்டை என்று வழங்கிய இரயில் சந்திப்பு, பிற்காலத்தில் பங்காரப்பேட்டை ஆயிற்று. பங்காரம் என்பது தெலுங்கிலும், பங்கார என்பது கன்னடத்திலும் பொன்னைக் குறிக்கும். அயலவர் பெயர் நின்ற இடத்தில், ஒலியால் அதற்கு நெருங்கியதும் தங்கவயலின் வாயிலுக்குப் பொருந்துவதுமாகிய நாட்டுச் சொல் அமர்ந்தது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்பவற்றிலோ முன்பகுதி மாறாது நிற்க, பேட்டை என்னும் நாட்டுச் சொல்லே அவை ஊர் என்பதை உணர்த்துகிறது.

தொழிலாளர் குடியிருப்பு வரிசையைக் குறித்த லைன் என்னும் சொல் இலங்கையின் மலையகத் தோட்டங்களில் லயன் எனவும் லயம் எனவும் திரிந்து வழங்குகிறது. கோடு, வரிசை என்னும் பொருள்கள் பின்தள்ளப்பட்டு, ஒற்றை அறை வாழ்வு என்னும் பொருளே அங்கு முன்நிற்கிறது. ஒரே ஆங்கிலச் சொல் இருவேறு நாடுகளில் தமிழ்த் தொழிலாளரிடம் ஒத்த பொருள் கொண்டமைக்குக் காரணம் அகராதி அன்று, ஒத்த வாழ்நிலையே.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் தங்கவயல் மக்களுள் பல்லாயிரவர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூரில் வேலை தேடுவோராயினர். சயனைடு முறையில் பொன் பிரித்தபின் கொட்டிய மணல் குன்றுகளாக நிற்கிறது. டிரைவ், ஸ்டோப், வின்ஸ் ஆகிய சொற்களுக்கு உரிய இடங்களோ நிலத்தடி நீரில் மூழ்கின. அச்சொற்களைத் தலைக்கு மேலும் காலுக்குக் கீழுமாக உணர்ந்து கற்ற தலைமுறை முதுமை எய்திவிட்டது. இளையோருக்கு அவற்றுள் சில வெறும் இடப்பெயர், பல கேட்டறியாதவை. சார்பால் தெளிந்த பொருள், சார்பு மறைந்தால் தானும் மறையும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர் ஆங்கிலச் சுரங்கச் சொற்களின் பொருளைத் தெளிந்த முறை, வினை, இனம், சார்பு என்னும் பழைய நெறிக்கு முற்றும் பொருந்துகிறது. இரண்டாவது, அச்சொற்களின் இலக்கணப் பணியை முதனிலைத் தொழிற்பெயர், தொழிலாகுபெயர் முதலிய தமிழ் வகைகள் எளிதாக ஏற்றன. வினையாக்கும் பொறுப்பைத் தமிழ் வினைகளே தாங்கின. மூன்றாவது, ஒரு சொல்லைச் சரியாக உணர்தல் பாறையின் அடியிலும் பதிவேட்டின் முன்னும் உயிரையும் மானத்தையும் காக்கும் செயலாக இருந்தது.

சுரங்கத் தொழிலுக்கு எனத் தமிழில் கலைச்சொல் அகராதிகள் ஆக்கப்படும்போது, ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தருதல் மட்டும் போதாது. அச்சொல்லை வேலையில் கற்றோர் எவ்வாறு வழங்கினர், எந்த வினையோடு சேர்த்தனர், எதனின்று வேறுபடுத்தினர் என்பவும் பதியப்பட வேண்டும். அவற்றைச் சொல்ல வல்லோர் இன்னும் தங்கவயலில் வாழ்கின்றனர். கள ஆய்வு அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். காலம் தாழ்த்தின், சொற்கள் ஏட்டில் எஞ்சினும் பொருள் எஞ்சாது.